கூட்டுக் கருத்தடை மாத்திரை: முதல் அட்டையை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தினமும் ஒரு மாத்திரை, அதில் என்ன சிக்கல் என்றுதான் தொடக்கத்தில் தோன்றும். பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் தாளைப் பிரித்ததும் அந்தத் தெம்பு போய்விடும். குமட்டலும் பக்கவாதமும் ஒரே பட்டியலில், ஒரே அளவு எழுத்தில் இருக்கும். எது அடிக்கடி வருவது, எது அபூர்வம், எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்று அதிலிருந்து பிரித்தெடுப்பதற்குள் தலை சுற்றிவிடும். மருத்துவரைக் கேட்டேன், "எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். பி.பி.கூடப் பார்க்காமல் சீட்டு எழுதினார். தெரிந்தவர்களைக் கேட்டேன், "பின்னாடி குழந்தையே தங்காது" என்றார்கள். இந்த இரண்டு பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தும் கேட்டும் தெளிந்ததை, எந்த வரிசையில் எனக்குச் சொல்லியிருந்தால் உதவியிருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த மாத்திரையின் ஆபத்து எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. ஆரோக்கியமான, புகைபிடிக்காத இளம்பெண்ணுக்கு அது மிகச் சிறியது. வேறு சிலருக்கு மாத்திரையைத் தொடவே கூடாத அளவுக்குப் பெரியது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சில கேள்விகளாலும் ஒரு பி.பி. கருவியாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம், அதுவும் முதல் மாத்திரைக்கு முன்பே. முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் 2, 6, 9 மூன்றையாவது படித்துவிடுங்கள்.

1. கையில் இருப்பது எந்த மாத்திரை என்று உறுதிசெய்யுங்கள்

"கருத்தடை மாத்திரை" என்று பொதுவாகக் கேட்டால் மூன்று நான்கு வகை கைக்கு வரலாம். கூட்டு மாத்திரை என்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்தது, தினமும் போடுவது. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள "மினி பில்" வேறு. அதை மறந்தால் செய்ய வேண்டியதும் வேறு. உறவுக்குப் பின் போடும் அவசர மாத்திரை வேறு. மாதவிடாயைத் தள்ளிப்போடத் தரும் நார்எதிஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையைக் கருத்தடையாக நம்பவே கூடாது. பலர் அதையும் இதையும் ஒன்று என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள்.

அட்டையின் பின்பக்கம், பளபளக்கும் தாளில், பொடி எழுத்தில் கலவை அச்சிட்டிருக்கும். அதில் இரண்டு பெயர் இருக்க வேண்டும். ஒன்று ஈஸ்ட்ரோஜன், பெரும்பாலும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால். இன்னொன்று லெவோநார்ஜெஸ்ட்ரல், டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பைரினோன் போன்ற ஒரு புரோஜெஸ்டின். சில அட்டையில் 0.03 மி.கி. என்றும் சிலதில் 30 மைக்ரோகிராம் என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவுதான், குழம்ப வேண்டாம். இப்போது புழக்கத்தில் உள்ள பெரும்பாலான மாத்திரைகளில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 20 முதல் 35 மைக்ரோகிராம்வரை இருக்கும்.

அட்டையில் எத்தனை மாத்திரை என்றும் எண்ணுங்கள். 21 இருந்தால், முடித்ததும் 7 நாள் எதுவும் போடாமல் விட்டுவிட்டு அடுத்த அட்டை. 28 இருந்தால் இடைவெளியே கிடையாது. கடைசி 7 (சிலவற்றில் 4) ஹார்மோன் இல்லாத வெற்று மாத்திரைகள், நிறம் மாறியிருக்கும். சிலவற்றில் அந்த இடத்தில் இரும்புச்சத்து இருக்கும். 28 மாத்திரை அட்டையை முடித்துவிட்டு இன்னொரு 7 நாள் இடைவெளி விடுவது புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. கர்ப்பத்துக்கு அது நேர்வழி.

2. இது உங்களுக்கு ஒத்துவருமா? ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் உடல்நிலைகளை 1 முதல் 4 வரை வகைப்படுத்தியிருக்கிறது. 1 என்றால் தடையில்லை. 2 என்றால் பொதுவாகப் பயன்படுத்தலாம். 3 என்றால் வேறு வழியில்லாவிட்டால் மட்டும். 4 என்றால் கூடவே கூடாது. மருத்துவரிடம் "நான் எந்த வகையில் வருகிறேன்?" என்று நேராகவே கேட்கலாம். நான் பார்த்தவரை, பொத்தாம்பொதுவான பேச்சை நிறுத்திக் கணக்கான பதிலை வாங்கித் தருவது இந்த ஒரு கேள்விதான்.

கூட்டு மாத்திரை கூடாது என்று சொல்லும் நிலைகளில் முக்கியமானவை:

- 35 வயதைத் தாண்டி, தினமும் 15 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பது. அதைவிடக் குறைவாகப் பிடித்தாலும் 35க்கு மேல் 3ஆம் வகைதான்.
- பி.பி. 160/100 அல்லது அதற்கு மேல். 140/90 தொட்டாலே 3ஆம் வகை.
- கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இப்போது இருப்பது அல்லது முன்பு வந்திருப்பது.
- மாரடைப்பு, இதயக் குழாய் அடைப்பு, பக்கவாதம்.
- ஆரா எனப்படும் முன்னறிகுறியோடு வரும் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி).
- மார்பகப் புற்றுநோய்.
- முற்றிய கல்லீரல் சுருக்கம், சில வகைக் கல்லீரல் கட்டிகள்.
- லூபஸ் நோயோடு (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குவது), ரத்தம் உறைவதைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளும் இருப்பது.
- தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பிரசவம் ஆகி 6 வாரம் முடியாத நிலை.

நீண்டகாலச் சர்க்கரை நோய், அது கண்ணையோ சிறுநீரகத்தையோ பாதித்திருப்பது, தொந்தரவு தரும் பித்தப்பைக் கல், இவையும் 3 அல்லது 4இல் வரும். அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ ரத்தக்கட்டி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மைக்ரேனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "அடிக்கடி தலைவலி வருமா?" என்று கேட்டால் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று நாம் தாண்டிவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. தலைவலி தொடங்குவதற்கு முன் கண்ணில் ஏதாவது தெரிகிறதா? வளைந்து நெளிந்த ஒளிக்கோடு பார்வையின் ஓரத்தில் மினுமினுத்து மெல்ல மெல்லப் பெரிதாவது, படிக்கும் வரியில் நடுவே ஓர் எழுத்து மறைந்துபோவது போன்ற குருட்டுப்புள்ளி, ஒரு கை விரல்களில் தொடங்கி முகம்வரை ஏறும் மரமரப்பு, வார்த்தை வாயில் சிக்காமல் தடுமாறுவது. இவை பொதுவாக 5 நிமிடம் முதல் 1 மணி நேரம்வரை இருந்துவிட்டு மறையும், பிறகு தலைவலி வரும். இதுதான் ஆரா. இப்படிப்பட்ட மைக்ரேனே பக்கவாத ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் அதன்மேல் இன்னும் கூட்டுகிறது. வலி வரும்போது வெளிச்சம் பிடிக்காமல் கூசுவது மட்டும் ஆரா ஆகாது. உங்களுக்கு நடப்பது எது என்று தெரியாவிட்டால், நடப்பதை அப்படியே மருத்துவரிடம் விவரித்துவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் மாட்டுபவர்கள் மனம் தளர வேண்டாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் லூப், ஹார்மோன் லூப், மேல்கைத் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட், மினி பில் என்று ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன. மறதிக்காரர்களுக்கு இவற்றில் முதல் மூன்றும் மாத்திரையைவிடவே நம்பகமானவை என்பது என் கருத்து. ஹார்மோன் உள்ளவற்றுக்கும் அவற்றுக்கென்று தனித் தடைகள் உண்டு, மார்பகப் புற்றுநோய் அதில் ஒன்று. அதனால் மாற்று வழியையும் கேட்டே தேர்ந்தெடுங்கள்.

3. மருத்துவரிடம் போகும்போது: காகிதமும் செலவும்

கையில் இவை இருந்தால் போதும். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் (மூலிகை, சத்து மாத்திரை உட்பட, பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள்). பழைய பி.பி. அளவுகள் இருந்தால் அவை. அறுவைச் சிகிச்சையோ பிரசவமோ நடந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி. கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்ற சின்னக் குறிப்பு. கடைசியாகச் சொன்னதை வீட்டில் கேட்டு வாங்குவதுதான் கடினம்; அதை முதலில் தொடங்குங்கள்.

அங்கே கட்டாயம் நடக்க வேண்டிய பரிசோதனை ஒன்றுதான்: பி.பி. பார்ப்பது. எடையும் உயரமும் குறித்துக்கொண்டால் நல்லது. ஆரோக்கியமான பெண்ணுக்கு உள்பரிசோதனையோ, ஸ்கேனோ, ஹார்மோன் ரத்தப் பரிசோதனையோ இந்த மாத்திரையைத் தொடங்கத் தேவையில்லை. ரத்தம் உறையும் தன்மைக்கான மரபணுச் சோதனையையும் எல்லாருக்கும் வழக்கமாகச் செய்யச் சொல்வதில்லை. வேறு காரணம் இருந்தால் அது தனி. "மாத்திரை எழுத இது எதற்கு?" என்று காரணம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பி.பி. பார்க்காமல் சீட்டை நீட்டினால், "ஒருதடவை பார்த்துடுங்க" என்று நீங்களே கையை நீட்டுங்கள்.

ஒரே கலவை பல பெயர்களில், பல விலைகளில் வரும். பெயரைப் பார்க்காமல் கலவையையும் மைக்ரோகிராமையும் ஒப்பிட்டால் மலிவானது எது என்று தெரிந்துவிடும். முதலில் 3 மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாமல் மாற்ற நேர்ந்தால் மொத்தமாக வாங்கியது வீண். ஒத்துப்போன பிறகு எப்போதும் ஓர் அட்டை கூடுதலாகக் கையிருப்பு இருக்கட்டும். ஸ்டாக் இல்லை என்ற பதிலால் புது அட்டை தள்ளிப்போவது எவ்வளவு மோசம் என்பது 6ஆம் படியில் புரியும். மருந்துச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பயணத்தில் உதவும்.

4. எந்தக் கலவை என்று கேளுங்கள்

ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. எவ்வளவு என்பது கூட இருக்கும் புரோஜெஸ்டினையும் பொறுத்தது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013இல் வெளியிட்ட மதிப்பீடு இது: மாத்திரை எதுவும் எடுக்காத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல், நார்எதிஸ்டிரோன், நார்ஜெஸ்டிமேட் உள்ள கூட்டு மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேருக்கு. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன், ட்ரோஸ்பைரினோன் உள்ளவற்றில் 9 முதல் 12 பேருக்கு.

இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். "ஆறு மடங்கு ஆபத்து" என்றால் பயமாக இருக்கும். 10,000 பேரில் 9,988 பேருக்கு எதுவும் ஆகவில்லை என்றால் லேசாக இருக்கும். இரண்டும் ஒரே கணக்கு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் கூடவே வைத்துப் பாருங்கள்.

வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டால் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 30 மைக்ரோகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 150 மைக்ரோகிராம் கலவையில் தொடங்குவதே சரி என்பேன். ரத்தக்கட்டி ஆபத்து குறைந்த வகை, நீண்டகாலமாகப் பழகியது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருப்பது. முகப்பருவுக்காக எழுதப்படும் சைப்ரோட்டிரோன் கலவையை வெறும் கருத்தடைக்காக எடுக்கக் கூடாது. ட்ரோஸ்பைரினோன் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் போன்ற, அதேபோல் பொட்டாசியத்தைக் கூட்டும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

5. எந்த நாளில் தொடங்குவது

மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் முதல் மாத்திரையைப் போட்டால் பாதுகாப்பு அன்றிலிருந்தே கிடைக்கும். வேறு நாளிலும் தொடங்கலாம், கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால். ஆனால் அப்போது முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். எத்தினைல் ஈஸ்ட்ரடையாலுக்குப் பதில் ஈஸ்ட்ரடையால் வேலரேட் உள்ளவற்றில் இந்த நாள்கணக்கே வேறு; அதற்கு அதன் தாளைப் பின்பற்றுங்கள்.

தாய்ப்பால் கொடுக்காதவர்கள் பிரசவத்துக்குப் பின் குறைந்தது 3 வாரம் பொறுக்க வேண்டும். சிசேரியன், அதிக எடை, புகைப்பழக்கம் போன்ற கூடுதல் ஆபத்து இருந்தால் 6 வாரம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு 6 வாரத்துக்குள் கூடாது, 6 மாதம்வரை பொதுவாக வேறு முறையைத்தான் சொல்வார்கள். கருச்சிதைவுக்குப் பின் உடனே தொடங்கலாம்.

அவசர மாத்திரை போட்டுவிட்டு இதைத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: போட்டது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்றால் உடனே தொடங்கலாம், 7 நாள் ஆணுறையோடு. யூலிப்ரிஸ்டல் என்றால் 5 நாள் கழித்துத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வேலையை இது கெடுத்துவிடும்.

நேரம் எது என்பது உங்கள் விருப்பம். குமட்டுபவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தூங்கிவிடலாம். பல் துலக்குவது மாதிரி ஏற்கனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு கட்டிவிடுங்கள், போனிலும் அலாரம் வையுங்கள்.

6. ஏழு நாள் இடைவெளியும் மறந்த மாத்திரையும்

இந்த முறை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒன்றுகூட விடாமல் போட்டால் ஓராண்டில் 1,000 பேரில் சுமார் 3 பேர்தான் கர்ப்பமாவார்கள். நடைமுறையில் எல்லாரும் போடுகிற லட்சணத்தில் போட்டால் 100இல் சுமார் 7 பேர். இடையில் இருக்கும் அத்தனை வித்தியாசமும் மறதி, தாமதம், வாந்தி, இடைவெளிக் கணக்கு ஆகியவற்றால் வருவது.

எல்லா மாத்திரையும் சமமான முக்கியத்துவம் உடையவை அல்ல. தொடர்ந்து 7 நாள் ஹார்மோன் மாத்திரை போனால் சினைப்பை அடங்கிவிடும், கருமுட்டை வெளிவராது. இடைவெளி நாட்களில் அது மெல்ல விழித்துக்கொள்ளத் தொடங்கும். 7 நாளோடு மீண்டும் மாத்திரை வந்துவிட்டால் திரும்ப அடங்கிவிடும். இடைவெளி 9, 10 நாள் என்று நீண்டால் கருமுட்டை வெளிவந்துவிடலாம். ஆகவே அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட, அட்டையின் தொடக்கத்திலும் முடிவிலும் மறப்பதுதான் ஆபத்து. இரண்டுமே இடைவெளியை நீட்டுகின்றன. "புது அட்டையை நாளைக்கு வாங்கிக்கலாம், ரெண்டு நாள்தானே" என்பதுதான் இதில் மிகப் பெரிய கண்ணி.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை, வழக்கமான ஒரே அளவு ஹார்மோன் உள்ள மாத்திரைகளுக்கு, இப்படி:

ஒரு மாத்திரையை மறந்து 48 மணி நேரம் ஆகவில்லை: நினைவுக்கு வந்ததும் போடுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. ஆணுறை தேவையில்லை.

இரண்டோ அதற்கு மேலோ மறந்து 48 மணி நேரம் தாண்டிவிட்டது: கடைசியாக மறந்ததை மட்டும் உடனே போடுங்கள், அதற்கு முன் மறந்தவற்றை விட்டுவிடுங்கள். தொடர்ந்து 7 நாள் ஹார்மோன் மாத்திரை போகும்வரை ஆணுறை அல்லது உறவைத் தவிர்ப்பது. இது முதல் வாரத்தில் நடந்து, அந்த நாட்களில் பாதுகாப்பில்லாத உறவும் இருந்திருந்தால் அவசர மாத்திரை வேண்டுமா என்று உடனே கேளுங்கள். மூன்றாம் வாரத்தில் நடந்தால் இருக்கிற ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, இடைவெளியே விடாமல் (வெற்று மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு) மறுநாளே புது அட்டையைத் தொடங்குங்கள்.

புது அட்டையை இரண்டு நாளோ அதற்கு மேலோ தாமதமாகத் தொடங்குவதும் முதல் வாரத்தில் மறந்ததற்குச் சமம். வெற்று மாத்திரையை மறந்தால் ஒன்றுமில்லை, தூக்கிப் போட்டுவிட்டுத் தொடருங்கள். சில மாத்திரைகளின் தாளில் 48 மணி நேரத்துக்குப் பதில் 12 மணி நேரம் என்று இன்னும் கறாராகப் போட்டிருக்கும். அப்படியானால் அந்தத் தாள் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

இடைவெளியில் வரும் ரத்தப்போக்கு, ஹார்மோன் நின்றதால் வருவது. உடலுக்கு அது கட்டாயத் தேவை ஒன்றும் இல்லை. வேண்டாத நேரத்தில் வரும் என்று தெரிந்தால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போகலாம். இடைவெளியைக் குறைக்கலாம், தவிர்க்கலாம், நீட்ட மட்டும் கூடாது.

7. வாந்தி, வயிற்றுப்போக்கு, மற்ற மருந்துகள்

மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றைப் போடுங்கள். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அந்த நாட்களை மறந்த நாட்களாகவே கணக்கிடுங்கள்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால், சில எச்.ஐ.வி. மருந்துகள் இவையெல்லாம் மாத்திரையின் ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். அந்த மருந்தை நிறுத்தி 4 வாரம்வரை இந்த விளைவு இருக்கும். மன அழுத்தத்துக்கு என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் இதே வேலையைச் செய்யும், "மூலிகைதானே" என்று விட்டுவிடாதீர்கள். வலிப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜினில் கதை தலைகீழ்: கூட்டு மாத்திரை அதன் அளவை ரத்தத்தில் குறைத்து, வலிப்பு திரும்ப வர வைக்கலாம். தொண்டைக்கும் பல்லுக்கும் தரும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள் மாத்திரையைக் கெடுப்பதில்லை.

8. முதல் மூன்று மாதம்

குமட்டல், மார்பு கனத்து வலிப்பது, லேசான தலைவலி, நடுநடுவே திட்டுத்திட்டாக ரத்தம் படுவது: இவை முதல் 2, 3 மாதத்தில் சகஜம், பெரும்பாலும் தானாக அடங்கும். திட்டு பட்டதும் பயந்து நடுவில் நிறுத்துகிறார்கள், அதனால் இன்னும் அதிகமாகப் படும், பாதுகாப்பும் போய்விடும். மாத்திரை சரியாகப் போயிருந்தால் திட்டு படுவதற்குக் கருத்தடை வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை. 3 மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், போய்க் காட்டுங்கள்.

எடை கூடும் என்பார்கள். ஆய்வுகளில் பெரிய எடை ஏற்றத்தை மாத்திரையோடு கட்டிச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. சிலருக்கு நீர் கோத்துக்கொள்வதுண்டு. மனநிலை மாற்றத்தை அப்படித் தள்ளிவிட மாட்டேன். காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று புதிதாக வந்து நிலைத்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். "பழகிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாத முடிவில் பி.பி.யை மறுபடி பாருங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். பால்வினை நோய்களிலிருந்து இந்த மாத்திரை காப்பதில்லை, அதற்கு ஆணுறைதான்.

9. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

ரத்தக்கட்டி வருமானால் அதற்கான வாய்ப்பு முதல் ஆண்டில்தான் அதிகம். 4 வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போதும் அதே. ஆகவே "நடுவில் கொஞ்ச நாள் உடம்புக்கு ஓய்வு" என்று விட்டுவிட்டுப் போடுவது நன்மை செய்வதில்லை.

- ஒரு காலில் மட்டும், பெரும்பாலும் கெண்டைக்காலில், வலி, வீக்கம், சூடு, சிவப்பு.
- திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் ரத்தம்.
- நெஞ்சை அழுத்தும் வலி.
- இதுவரை வராத மாதிரியான கடும் தலைவலி, அல்லது முதல்முறையாக ஆரா.
- திடீரென்று பார்வை மங்குவது, பேச்சுக் குழறல், முகம் கோணுவது, ஒரு பக்கக் கைகால் செயலிழப்பது.
- வயிற்றில் தாங்க முடியாத வலி, கண்ணோ தோலோ மஞ்சளாவது.

இவற்றில் எது வந்தாலும் காலைவரை பொறுக்க வேண்டாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது, "நான் ஹார்மோன் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன்". கூட இருப்பவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அட்டையை நர்ஸ் கையில் கொடுத்துவிடுங்கள். இளம்பெண்ணுக்கு மூச்சுத்திணறல் என்றால் பதற்றம் என்று நினைத்து அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. இந்தத் தகவல் இருந்தால் மருத்துவர் வேறு கோணத்தில் பார்ப்பார்.

பெரிய அறுவைச் சிகிச்சை முடிவாகியிருந்தால், பொதுவாக 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தேதி குறிக்கும்போதே மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிட்டு, இடைப்பட்ட காலத்துக்கு வேறு கருத்தடையும் கேளுங்கள். காலில் கட்டுப் போட்டுப் பல நாள் படுக்க நேர்ந்தாலும் இப்படித்தான். நீண்ட பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள்.

புற்றுநோய் பற்றிச் சுருக்கமாக. எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. 5 ஆண்டுக்கு மேல் எடுத்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. நிறுத்திய பின் இரண்டும் படிப்படியாகக் குறையும். சினைப்பைப் புற்றுநோயும் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயும் வரும் வாய்ப்போ இதனால் நன்றாகவே குறைகிறது. அந்தப் பாதுகாப்பு நிறுத்திப் பல ஆண்டுகள் தொடர்கிறது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை வயதுக்குரிய இடைவெளியில் செய்துகொண்டிருங்கள்.

10. ரத்தப்போக்கு வராவிட்டால், நிறுத்த நினைத்தால்

எல்லா மாத்திரையும் ஒழுங்காகப் போய், ஒரு மாதம் ரத்தப்போக்கு வராவிட்டால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; அடுத்த அட்டையைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். இடையில் மறந்திருந்தாலோ, தொடர்ந்து இரண்டு மாதம் வராவிட்டாலோ சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். தெரியாமல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் சில நாள் மாத்திரை போட்டுவிட்டதால் குழந்தைக்குக் குறை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. அவசரக் காரணம் இல்லாவிட்டால் அட்டையை முடித்துவிட்டு நிறுத்துவது கணக்குக்கு நல்லது. நடுவில் நிறுத்துவதாக இருந்தால் அதற்கு முந்தைய 7 நாள் ஆணுறை பயன்படுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் விந்தணு உடலுக்குள் 5 நாள்வரை உயிரோடு இருக்கும். கருத்தரிக்கும் திறன் சீக்கிரமே திரும்பிவிடும், சிலருக்கு அடுத்த மாதவிடாய் வருவதற்கு முன்பே. குழந்தை இப்போது வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்பவர்கள் மாற்று முறையை நிறுத்தும் நாளிலேயே தொடங்க வேண்டும். குழந்தைக்காக நிறுத்துபவர்கள் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கிவிடலாம். நிறுத்தி 3 மாதம் ஆகியும் மாதவிடாய் வராவிட்டால், முதலில் கர்ப்பச் சோதனை, அதில் இல்லை என்று வந்தால் மருத்துவர்.